அரை உப்பு

காற்று திசை மாறினால் அந்தத் தெருவில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். வறுவல் தொழிற்சாலையின் எண்ணெய்ப் புகை நேரே வந்து கொடியில் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த சட்டையை மடித்தால் பொரித்த உருளைக்கிழங்கு வாசம் அடிக்கும். தெருவில் பாதி வீட்டுக்கு அந்தத் தொழிற்சாலைதான் சோறு போட்டது. அதனால் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. துணியை உருவி உள்ளே போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அங்கே வறுவலுக்குப் பொடி தூவும் இடத்தில் வேலை செய்ததால் அவனுக்கு மசாலா என்றே பெயர். படுக்கவைத்த பீப்பாய் மாதிரி ஒரு பெரிய உருளை. பொரித்து எண்ணெய் வடிந்த வறுவல் ஒரு பக்கம் வந்து விழும். உருளை மெல்லச் சுற்றிச் சுற்றி அதை மறுபக்கம் தள்ளும். நடுவில் மேலிருந்து உப்பும் காரமும் கலந்த பொடி தூறலாகக் கொட்டும். கூடினால் கரிக்கும், குறைந்தால் சப்பென்று போகும். மழைக்காலத்தில் பொடி ஈரம் கோத்துக் கட்டி கட்டியாக விழும். கம்பியால் தட்டிவிட்டுக்கொண்டே நிற்க வேண்டும். மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து அவன் அந்த உருளைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். புருவத்திலும் காது மடலிலும் பொடி படிந்திருக்கும். மசாலா வீட்டில் உப்பு வாங்கவே வேண்டாம், சட்டையை உதறினால் ஒரு வாரச் சமையல் ஆகிவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். தெருமுனை நாய் ஒன்று அவன் வரும்போதெல்லாம் கணுக்காலை நக்கிவிட்டுத்தான் வழிவிடும்.

உடைந்த வறுவலைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். பெயர் அச்சிடாத பையில் போட்டு, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று வாசலில் வைத்துவிடுவார்கள். அவன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போன நாள் கிடையாது.

வீட்டில் இருந்தது மகள் மட்டும்தான். வாண்டு என்று அம்மா வைத்த செல்லப்பெயர். பிறந்தபோது கையளவு இருந்ததால் வைத்தது. இப்போது ஐந்தாம் வகுப்பு. கன்னம் உப்பி, பள்ளிச் சீருடை இடுப்பில் பிடிக்க, பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லாமல் ஆகிவிட்டாள். அம்மா துணிக்கடையில் வேலை பார்த்தவள். கடையை மூடிவிட்டார்கள். தூரத்து ஊரில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. ஒரு வருடம் பார்க்கலாம் என்று போனாள். பெரியவர் பிழைத்துக் கிடந்தார். வேலையும் நீண்டுகொண்டே போனது. சாயங்காலம், பெரியவர் கண்ணயர்ந்த நேரத்தில் போன் வரும். சாப்பிட்டியா என்பாள். சாப்பிட்டேன் என்பாள் மகள். படிச்சியா என்பாள். படிச்சேன் என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு கிடைக்காது. போனை அப்பாவிடம் நீட்டிவிடுவாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது அவன் உருளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். பிள்ளை எங்காவது விழுந்துவிட்டாளோ என்றுதான் முதலில் நினைத்தான். சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடினான். வாண்டு ஒரு காயமும் இல்லாமல், பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளின் உடம்பைப் பரிசோதிக்க வந்திருந்த நர்சம்மா அவனை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். பிள்ளைக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்றாள்.

அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிரஷர் என்பது அவன் அப்பாவுக்கு இருந்தது. தொழிற்சாலை கேட்டுக்குள் நுழையும்போதே மூச்சு வாங்கும் பழைய வாட்ச்மேனுக்கு இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? இயந்திரம் பழுதாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். நர்சம்மா கோபித்துக்கொள்ளவில்லை. இது பிள்ளைகள் கையில் சுற்றவென்றே இருக்கிற சின்னப் பட்டை, கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி மறுபடி பார்த்தாகிவிட்டது, பெரியவர்கள் கணக்கு வேறு, பிள்ளைகளுக்கு வயதையும் உயரத்தையும் வைத்து வேறு கணக்கு என்று பொறுமையாகச் சொன்னாள். ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது, குழந்தை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள் என்றாள். அப்புறம் வாண்டு பக்கம் திரும்பி, தினமும் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டாள்.

பிள்ளைக்கு மறைக்கத் தெரியவில்லை. காலையில் ரொட்டியும் பாட்டில் சாஸும். மத்தியானம் பள்ளிச் சாப்பாடு பிடிக்காவிட்டால் பாக்கெட் நூடுல்ஸை நொறுக்கி, பொடியைத் தூவி, அப்படியே வாயில் போட்டுக்கொள்வது. பள்ளி விட்டு வந்ததும் வறுவல். ராத்திரிக்கு அப்பா ஏதாவது செய்வார். அதற்கும் தொட்டுக்கொள்ள வறுவல். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பொடி மடிப்பு மடிப்பாக ஒட்டியிருந்தது. நர்சம்மா அதைப் பார்க்காத மாதிரி எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

டாக்டரம்மா வேறு வேறு நாளில் வரச்சொல்லி மறுபடியும் அளந்தாள். ஒவ்வொரு தடவையும் கூடுதலாகவே காட்டியது. சிறுநீர், ரத்தம், சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்ததில் வேறு கோளாறு ஒன்றுமில்லை. சாப்பாடும் எடையும்தான் என்று சொல்லிவிட்டாள். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். பாக்கெட்டில் வருவது எதுவும் வேண்டாம். வீட்டுச் சமையலில் உப்பைப் பாதியாக்குங்கள். காய், பழம், நல்ல தூக்கம், ஓடி விளையாட வேண்டும். இப்படியே விட்டால் இந்த வயதிலேயே இதயம் பாரம் சுமக்க ஆரம்பித்துவிடும் என்று சொன்னாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவனிடம் கேட்டாள். தொழிற்சாலையில் என்று மட்டும் சொன்னான்.

அன்று சாயங்காலம் போனில் மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான். பை பையாகக் கொண்டுவந்து கொட்டியது நீங்கள்தானே என்பாள். நீ இங்கே இருந்திருந்தால் ஏன் இப்படி ஆகிறது என்று திருப்பிக் கொடுக்க, வழி நெடுக ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது." அவள் சொன்னாள்: "இங்க தினமும் காலையில பெரியவருக்கு நான்தாங்க கையில பட்டை சுத்திப் பாக்கறேன். அவர் தட்டுல ஒரு கல்லு உப்பு கூட விழாம பாத்துக்கறேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவன் வைத்திருந்த பதிலை விட்டுவிட்டு, அங்கே அவருக்கு எப்படிச் சமைக்கிறாய் என்று கேட்டான்.

மறுநாளிலிருந்து பையைத் தொடவில்லை. அலமாரியில் இருந்த சாஸ் பாட்டிலையும் நூடுல்ஸையும் அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டான். போன் வரும் நேரத்துக்கு அடுப்பைப் பற்றவைத்து, மாவு டப்பாவில் போனைச் சாய்த்து வைப்பான். அவள் அங்கிருந்தே சமையல் சொல்லிக்கொடுத்தாள். போடுவதில் பாதி உப்பைப் போடுங்கள். அதையும் இறக்கும்போது மேலே தூவுங்கள். எலுமிச்சை பிழியுங்கள், பூண்டைச் சுட்டு நசுக்கிப் போடுங்கள், புளிப்பு இருந்தால் உப்பைத் தேடாது. நாக்கு கொஞ்ச நாள் அழும், அப்புறம் சும்மா இருந்துவிடும் என்றாள். ஒரு பெரியவரின் நாக்கை அடக்கிய அனுபவம் அது.

ஆனால் நாக்கு அழத்தான் செய்தது. முதல் நாள் காய்ச்சாறும் முட்டையும் வைத்தபோது வாண்டு ஒரு வாய் வைத்துவிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். உனக்குத்தான் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. தானும் அதையே சாப்பிட்டான். நாள் பூராவும் உப்புத் தூறலில் நின்றவனுக்கு அது வெந்நீரில் ஊறிய அட்டையை மெல்லுவது மாதிரி இருந்தது. இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். பிள்ளை தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தெருவில் யாரிடமும் அவன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சின்னப் பிள்ளைக்கு நோய் என்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்லுவார்கள். மசாலாக்காரன் மகளுக்கே உப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று தொழிற்சாலையில் அதை வைத்துச் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம், நிச்சயம் குறைந்திருக்கும் என்ற தைரியத்தில்தான் அடுத்த தடவை டாக்டரிடம் போனான்.

குறையவில்லை. டாக்டரம்மா பட்டையைக் கழற்றிவிட்டு, வெளியே எங்காவது சாப்பிடுகிறாயா கண்ணு என்று மெதுவாகக் கேட்டாள். வாண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே இல்லை என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் பிள்ளை முகத்தைப் பார்ப்பதும், கேட்க வாயெடுப்பதும், மூடிக்கொள்வதுமாக வந்தான். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

ஒரு நாள் வறுவல் பொரிக்கும் கொப்பரைக்கு எண்ணெய் ஏற்றும் பம்பு நின்றுபோய், பிற்பகலிலேயே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மழை விட்டும் விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவன் வீட்டுக்கு வந்தபோது பூட்டு தொங்கியது. பள்ளி விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தான். வாண்டா, சீல் அக்கா வீட்டுல இருப்பா, தினமும் அங்கதான என்றார்கள், அவனுக்கே தெரிந்த விஷயம் மாதிரி.

சீல் அக்கா பாக்கெட்டுக்குச் சூடு வைத்து ஒட்டும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவள். விடிகாலை ஷிப்ட் முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு நாட்டில். தெருக்கோடியில் இருக்கிற அவள் வீட்டில் டிவி மட்டும் எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும். கதவு பாதி திறந்திருந்தது. அவன் வாசலில் நின்று பார்த்தான். வாண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பெயரில்லாத பை. ஒரு வறுவலை எடுத்து இரண்டாக உடைத்து, அந்தப் பாதியை மறுபடி இரண்டாக உடைத்து, ஒரு துணுக்கை வாயில் போட்டு அதைக் கரையவிட்டாள். சீல் அக்கா கட்டிலில் உட்கார்ந்து, இயந்திரத்தில் விரலைச் சுட்டுக்கொண்ட கதை ஒன்றைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரித்தது. அந்தச் சிரிப்பை அவன் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அதுதான் அவன் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

உள்ளே போய்ப் பையைப் பிடுங்கினான். பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினான்.

"அக்கா, இவளுக்கு இதெல்லாம் குடுக்கக் கூடாது. டாக்டர் சொல்லியிருக்காங்க. பிரஷர் இருக்கு இவளுக்கு."

சீல் அக்கா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை நிறுத்தினாள்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே தம்பி," என்றாள். "பிள்ள தினமும் வருது. வந்த பிள்ளைய வெறும் வாயோட எப்படி உக்கார வெக்கிறது? நம்ம வீட்ல வேற என்ன இருக்கு, இதுதான இருக்கு."

சொல்லாதது அவன்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான். மழைநீர் தேங்கிய பள்ளங்களைத் தாண்டித் தாண்டி இருவரும் நடந்தார்கள். அவன் பூட்டைத் திறக்கும்போதுதான் முதுகுக்குப் பின்னாலிருந்து வாண்டு சொன்னாள்.

"அதத் தின்ன போகலப்பா."

"பின்ன எதுக்குப் போன?"

"பை காலியாயிட்டா, சரி கண்ணு பொழுதாச்சு, வீட்டுக்குப் போன்னு அத்தை சொல்லிருவாங்க. அதான் உடைச்சு உடைச்சுத் தின்பேன். அப்பவும் தீந்துருச்சுன்னா இன்னொண்ணு கேப்பேன்."

"வீட்டுக்கு வந்தா என்ன இப்ப?"

"வீட்ல யாரு இருக்கா?"

குற்றம் சொல்லும் குரலாக இருந்தால்கூட அதட்டியிருப்பான். கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். உள்ளே போய்ச் சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவன் கூடத்தில் உட்கார்ந்தான். இந்த நேரத்தில் இந்த வீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை. பிற்பகல் வெளிச்சம் எதிர் வீட்டுச் சுவரில் பட்டுச் சாம்பல் நிறமாக உள்ளே வந்தது. குளிர்சாதனப் பெட்டி ஒரு தடவை உறுமி அடங்கியது. தெருவில் யாரோ வாளியை வைக்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. உப்பைத்தான் வீட்டைவிட்டுத் துரத்தினோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பிள்ளை தின்றது உப்பை இல்லை என்பது அப்போதுதான் மெல்ல மெல்ல உறைத்தது.

மறுநாள் சூப்பர்வைசரைப் பார்த்தான். விடிகாலை ஷிப்ட் வேண்டும் என்றான். உருளைக்கு விடிகாலையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, கிழங்கு கழுவும் இடத்தில்தான் ஆள் தேவை, அங்கே போகிறாயா என்று அவர் கேலியாகக் கேட்டார். போகிறேன் என்றான் இவன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"யோசிச்சுக்கோப்பா. அங்க போயிட்டேன்னா திரும்ப உருளைக்கு வர முடியாது. நாளைக்கு வந்து எங்கிட்ட நிக்காத."

"நிக்க மாட்டேன் சார்."

கழுவும் இடம் தொழிற்சாலைக்குப் பின்பக்கம். லாரியிலிருந்து கிழங்கு மண்ணும் கல்லுமாகக் கால்வாயில் கொட்டும். ஓடும் தண்ணீரில் மிதந்து வருவதில் கல்லையும் அழுகலையும் கையால் பொறுக்க வேண்டும். முழங்கை வரை எப்போதும் குளிர்ந்த தண்ணீர். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிடும். உருளைக்குப் பக்கத்தில் நாலு பேர் வந்து போவார்கள், பேச்சும் சிரிப்புமாக இருக்கும். இங்கே தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசினாலும் காதில் விழாது. சில நாளில் அவன் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வேலையை முடித்துவிட்டு வந்தான். மசாலா என்ற பெயரையும் புதிதாக உருளைக்கு வந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவனுக்கென்று வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தெருமுனை நாய் ஒரு தடவை காலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

விடியுமுன்பே சமைத்து, டப்பாவில் அடைத்து, பிள்ளையை எழுப்பிவிட்டுக் கிளம்புவான். காலையில் அவள் தனியாகத்தான் பள்ளிக்குப் புறப்பட வேண்டும். அது பெரிதாகத் தெரியவில்லை; காலை நேரத்துக்கு அவசரம் துணை இருந்தது. பள்ளி விடும் நேரத்துக்கு அவன் அங்கே வாசலில் நிற்பான். முதல் சில நாள் அவள் அவனைப் பார்த்து வெட்கப்பட்டுப் பின்னாலேயே வந்தாள். அப்புறம் பையைத் தூக்கி அவன் தோளில் மாட்டிவிட்டு முன்னால் ஓட ஆரம்பித்தாள். ரயில் பாதையை ஒட்டிச் சுற்றுவழியாக நடந்து வருவார்கள். சந்தையில் தக்காளியும் கீரையும் அவளே பொறுக்குவாள்.

சீல் அக்கா வீட்டுக்கும் ஒரு நாள் போனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்காரச் சொன்னாள். ஒரு பிள்ளைக்கு விஷம் வைத்தவள் மாதிரி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாயே என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். தப்பு என்னுடையது, யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்தேன் என்றான். கிளம்பும்போது, "நம்ம வீட்டுக்கு வாங்கக்கா. சும்மா வந்து உக்காருங்க," என்றான். மறுநாள் சாயங்காலம் அவள் வந்தாள். கையில் எதுவும் கொண்டுவராமல் வந்தது அவளுக்கே புதுசாக இருந்ததால், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கீரைக் கட்டை இழுத்து ஆய ஆரம்பித்தாள். அதற்கப்புறம் பல நாள் வந்தாள். கதை சொல்லுவாள், வாண்டு கயிறு தாண்டிக்கொண்டே கேட்பாள். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கத் தெருப்பிள்ளைகள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்து டாக்டரம்மாவிடம் போனபோது கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இப்படியே போக வேண்டும், விட்டுவிடக் கூடாது என்றாள். சாயங்காலம் போனில் சொன்னபோது மனைவி அழுதாள். அழுகிற சத்தம் கேட்காமல் இருக்கப் போனைத் தள்ளிப் பிடித்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

கோடை தொடங்கியபோது பெரியவரின் மகள் லீவில் வந்து தங்கியதால் மனைவிக்குச் சில நாள் ஊருக்கு வர முடிந்தது. மெலிந்திருந்தாள். வாண்டுவைக் கட்டிப்பிடித்தாள். பிள்ளை முதலில் விறைப்பாக நின்று, அப்புறம் மெல்ல அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வளர்ந்துட்டாளே, வளர்ந்துட்டாளே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். இன்றைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது என்றாள். தந்தையும் மகளும் காலையில் செய்து மூடி வைத்திருந்த கீரைக்கூட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, வாண்டுவுக்குச் சின்ன வயதில் உயிராக இருந்த உருளைக்கிழங்கை நீள நீளமாக நறுக்கி, மொறுமொறுவென்று பொரித்தாள். உப்புக் குடுவையைச் சாய்த்துக் கை நிறையத் தூவினாள்.

அவன் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தான்.

"ஒரு வேளையில ஒண்ணும் ஆகாதுங்க," என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே. "ஊரார் வீட்டுப் பெரியவருக்கு அளந்து அளந்து போட்டு எனக்குக் கை மரத்துப்போச்சு. எம் பிள்ளைக்கு ஒரு வேளை மனசார போடக்கூடாதா?"

அவன் தட்டுகளை எடுத்து வைத்தான்.

மூன்று பேரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். வாண்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்லுவது பாதியில் நின்றது. விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அம்மா பார்க்கிறாள் என்று இன்னொரு துண்டு எடுத்தாள். அதற்கும் தண்ணீர் குடித்தாள்.

"என்னடி?"

"நல்லா இருக்கும்மா."

மூன்றாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "கரிக்குதும்மா."

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தன் தட்டைப் பார்த்தான். ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. அவனுக்கு எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது.

வாண்டு எட்டி, ஓரத்தில் இருந்த சட்டியை இழுத்து அம்மா பக்கம் வைத்தாள். "இதச் சாப்பிட்டுப் பாரேன். நானும் அப்பாவும் செஞ்சது. கீரைய அத்தை ஆஞ்சு குடுத்தாங்க."

அம்மா ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் பெரியவர் கூப்பிடுவதற்குள், அடுப்படியில் நின்றபடியே, தனக்கென்று தனியாக உப்புப் போட்டு அள்ளி விழுங்கிப் பழகியவள். இதையும் அப்படியே விழுங்கினாள்.

"இதுல உப்பே இல்லையேடி."

"இருக்கும்மா. அப்படி அவசரமா முழுங்குனா தெரியாது. மெதுவா மென்னு பாரு, வரும்."

அவள் இன்னொரு வாய் எடுத்தாள். இந்தத் தடவை மென்றாள். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளித் தள்ளி மென்றாள். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?" என்று கேட்டாள்.

அம்மா கையால் கொஞ்சம் பொறு என்று காட்டிவிட்டு, இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.